புது வீட்டுச் சுவருக்குக் கைவண்ணம்

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலத்தைப் பேணுமாறு அறிவுறுத்தும் இப்பழமொழியைப் புதுமனை புகுவோர் அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் சுவர் கிடைத்துவிட்டது, சித்திரம்தான் வேண்டும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973ஆம் ஆண்டில் அங் மோ கியோ நகரை உருவாக்கத் தொடங்கியது. அன்று முதல் இப்பேட்டையில் எத்தனையோ இளந்தம்பதியர் தங்கள் முதல் வீட்டின் சாவியைப் பெற்றுள்ளனர். வீட்டுக்கடன், மின்கருவிகள், கட்டில், அலமாரி என்று செலவு வரிசையாக வந்து நிற்கும் அந்நாளில், சுவர்ப்படங்களுக்கென்று நூற்றுக்கணக்கான வெள்ளி செலவிடுதல் எல்லார்க்கும் இயலாது. செலவிட வேண்டிய தேவையும் இல்லை. சில வெள்ளியும் ஒரு வாரயிறுதியும் இருந்தால் அழகிய சுவரணிகளை நாமே செய்துகொள்ளலாம்.

எளிய பொருள் என்று எதனையும் இகழ வேண்டா. 2023ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி, லிட்டில் இந்தியாவில் சுதா ரவி, அவர்தம் மகள் ரக்ஷிதா ஆகிய இருவரும் ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட கலைப்படைப்பு ஒன்றை உருவாக்கினர். அதில் திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் ஆகியோர் உருவங்கள் அமைந்தன. அதற்குப் பயன்பட்டவை 26,000 ஐஸ்கிரீம் குச்சிகள்!

கோலப் பலகை

வாசலில் இடும் கோலத்தைச் சுவரில் ஏற்றுவது மிக எளிது. 50 சென்டிமீட்டர் சதுரமுள்ள மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குக. பின்னர்க் காவி வண்ணத்தை இருமுறை பூசுக. முன்புறம் மட்டும் பூசினால் பலகை ஈரத்தை ஒருபுறமாக உறிஞ்சி வளைந்துவிடும். ஆதலின் பின்புறமும் பூசுதல் இன்றியமையாதது.

வண்ணம் நன்கு உலர்ந்தபின், நான்கு பக்கமும் 7 சென்டிமீட்டர் விட்டு, 6 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசைக்கு ஏழாக ஏழு வரிசைப் புள்ளிகளைச் சுண்ணக்கட்டியால் இடுக. இனித் தாயோ பாட்டியோ கற்றுத்தந்த சிக்குக்கோலத்தை முதலில் சுண்ணக்கட்டியால் வரைக. தவறினால் துடைத்துவிட்டு மீண்டும் வரையலாம். கோடுகள் சரியாக அமைந்த பின்னரே அவற்றின்மீது வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் இழுக்க வேண்டும்.

காய்கறி அச்சு

சிறுவர்க்கு ஏற்றது இது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரமும், ஈரச்சந்தையில் கிடைக்கும் தாமரைக் கிழங்கை வெட்டினால் துளைகள் நிறைந்த வட்டமலரும் கிடைக்கும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றிச் சற்று உலரவிடுக. ஈரமிருந்தால் வண்ணம் பரவி அச்சுக் கெடும். பின்னர் வண்ணத்தில் தோய்த்துத் தடித்த தாளில் பதிக்கலாம்.

பழஞ்சேலையின் கரை

உடுத்தத் தக்க சேலையை வெட்ட வேண்டா. நைந்துபோன சேலையில் நல்ல நிலையில் உள்ள கரையை அல்லது முந்தானையை மட்டும் எடுத்துக்கொள்க. பலகையைத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியால் இறுகப் போர்த்தி, அத்துணியின்மேல் கரையை வைத்து ஓரங்களைச் சிறு தையலாகத் தைத்துவிடுக. பசை கூடாது, நாளடைவில் அது பட்டில் கறையாகத் தெரியும். மைதாப் பசையோ கரப்பானையும் பூச்சிகளையும் அழைத்துவரும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். எங்கள் முதல் வீட்டில், என் தாயாரின் கூறைச்சேலைக் கரையைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துச் சட்டமிட்டு மாட்டினேன். அழகாகத்தான் இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்க்கையில், காற்றுப் புகாத அவ்விடத்தில் பூஞ்சை படர்ந்து சரிகை கறுத்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மீட்க முடியாத பொருள் அது. நம் நாட்டுக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுதி. ஆகவே கண்ணாடி போடுவதாயின், துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறு மரச்சட்டம் வைத்து இடைவெளி விடுக. வெயில் நேரே விழும் சுவரையும், சமையலறை, குளியலறை ஆகியவற்றையொட்டிய சுவரையும் தவிர்க்க.

மாட்டும் முறை

அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவரில் சாதாரண ஆணி வளைந்துபோகும். எடை குறைந்த பலகைக்கு ஒட்டுக்கொக்கியே போதும். சுவரைத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் கொக்கியை அழுத்தி ஒட்டி, உறையில் குறிப்பிட்ட நேரம் வரை காத்திருந்து பின்னரே படத்தை மாட்டுக. சுவர்ப்பூச்சு உதிரும் நிலையில் இருப்பின் கொக்கி பூச்சோடு கழன்று விழும்.

எடை மிக்க படத்திற்குத் துளையிட்டு, அடைப்பான் செருகித் திருகாணி முடுக்க வேண்டும். மின்விசைக்கு நேர்மேலும் நேர்கீழும் கம்பிகள் செல்லக்கூடும். அங்கே ஒருபோதும் துளையிடாதீர்கள். புதிய வீடுகளில் உள்ள குடும்பக் காப்பறையின் சுவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிமுறைகளைப் படித்தறிந்த பின்னரே அவற்றில் கை வைக்க வேண்டும். கட்டில், தொட்டில் ஆகியவற்றின் தலைமாட்டில் கனமான படம் எதுவும் வேண்டா.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமைதல் கண்ணுக்கு இதமளிக்கும். எல்லாச் சுவரையும் நிரப்ப முயல வேண்டா. வரவேற்பறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று எனத் தொடங்கினால் போதும்.

மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் உள்ள வீடுகள் நம் வீட்டைப் போன்றே அமைந்தவை. ஆயினும் அம்மா கற்றுத்தந்த கோலமும், பிள்ளை பதித்த வெண்டைக்காய் நட்சத்திரமும் நம் வீட்டில் மட்டுமே இருக்கும். இவ்வாரயிறுதியில் ஒரு பலகையோடு தொடங்குங்கள். தாயாரின் சேலைக்கரையைப் பயன்படுத்துவதாயின், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, காற்றுக்கு இடம்விட்டுச் சட்டமிடுங்கள்.