காதோர நரை ஏன் அடம்பிடிக்கிறது?

தீபாவளி நெருங்கினால் செலாயாங் முடிதிருத்தும் நிலையங்களில் இடம் கிடைப்பதில்லை. சாயம் பூசிய பிறகும் காதோர நரை மட்டும் பல்லிளிக்கும். சாயத்தை நோகாதீர்கள். பிடிவாத நரையில் முடியின் மேற்செதில்கள் இறுக்கமாக மூடியிருக்கும். அம்மோனியா அவற்றைத் திறக்க வேண்டும். உள்ளே நுழையும் நிறமற்ற மூலப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடு (பெரும்பாலும் 6 விழுக்காடு) நிறமாக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் தேவை. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் காதோரத்தில் முதலில், தாராளமாகப் பூசுகிறார்கள். அவசரப்பட்டுக் கழுவினால் நரை மறுபடி எட்டிப்பார்க்கும்.

இன்னொன்று. கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-ஃபினைலின்டையமின் சிலருக்கு ஒவ்வாமை தரும், முகமே வீங்கலாம். பல ஆண்டுகள் பூசியவருக்கும் திடீரென வரும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். தீபாவளிக்கு முதல்நாள் ஓடினால் அதற்கு நேரமிருக்காது.