குவாத்தமாலா: பத்தே நாளில் கவிழ்ந்த ஆட்சி

1954 ஜூன் 18 அன்று ஹோண்டுராஸிலிருந்து எல்லை தாண்டிக் குவாத்தமாலாவுக்குள் நுழைந்த, கிளர்ச்சித் தலைவர் கஸ்டில்லோ அர்மாஸின் படையில் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆனாலும் 27ஆம் தேதி இரவு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதிபர் ஹகோபோ அர்பென்ஸ் பதவி விலகுவதாக வானொலியில் அறிவித்தார்.

அந்தப் படையைத் திரட்டி ஆயுதம் கொடுத்தது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அதன் ரகசிய வானொலி, பெரும்படை தலைநகரை நெருங்குவதாக ஓயாமல் புளுகியது. வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. இவர்களை விரட்டினால் அமெரிக்க ராணுவமே வந்து இறங்கிவிடும் என்று அஞ்சிய குவாத்தமாலா அதிகாரிகள் அதிபரைக் கைவிட்டார்கள்.

பகைக்கு வித்திட்டது நிலம். பெருந்தோட்டங்களில் தரிசாகக் கிடந்த நிலத்தை எடுத்து உழவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க 1952இல் அர்பென்ஸ் சட்டம் கொண்டுவந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளரோ யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனம். ரயில் பாதையும் புவேர்ட்டோ பாரியோஸ் துறைமுகமும்கூட அதன் பிடியில்தான். கையகப்படுத்திய நிலத்துக்கு அரசு தர முன்வந்த இழப்பீடு சுமார் 6 லட்சம் டாலர். வரியைக் குறைப்பதற்காக நிறுவனமே கணக்கில் காட்டியிருந்த மதிப்பு அது. நிறுவனத்துக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது சுமார் 1.6 கோடி டாலர்! அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பு பணியாற்றிய சட்ட நிறுவனத்துக்கு யுனைடெட் ஃப்ரூட் கட்சிக்காரர். அவருடைய தம்பி ஆலன் டல்லஸ்தான் சி.ஐ.ஏ. தலைவர்.

வாழைப்பழம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பனிப்போர் அச்சமும் உண்மை. அர்பென்ஸுக்கு நெருக்கமான கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு நான்கே இடங்கள், அமைச்சரவையில் ஒருவர்கூட இல்லை.

ஆட்சிக்கு வந்த அர்மாஸ், கொடுத்த நிலத்தைப் பிடுங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாக்குரிமையைப் பறித்தார். அவர்களில் பெரும்பாலோர் மாயா பழங்குடியினர். 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 36 ஆண்டுகள் நீண்டது. கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. துணையுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் கணக்கிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். அடக்குமுறையில் ஈடுபட்ட படைகளுக்கு அமெரிக்கா துணைநின்றது தவறு என்று அதே ஆண்டு அதிபர் கிளின்டன் குவாத்தமாலா மண்ணிலேயே ஒப்புக்கொண்டார்.

அர்பென்ஸுக்கு முன்பு அதிபராக இருந்தவர் ஹுவான் ஹோசே அரேவாலோ. அவர் நாடுகடந்து வாழ்ந்தபோது உருகுவேயில் பிறந்த மகன் பெர்னார்டோ அரேவாலோ, 2023 ஆகஸ்டில் அதிபர் தேர்தலில் வென்றார். அரசு வழக்கறிஞர்கள் அவர் கட்சியை முடக்கவும் தேர்தல் முடிவையே செல்லாததாக்கவும் முயன்றார்கள். இம்முறை அமெரிக்கா வாக்காளர் பக்கம் நின்றது. நூறுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்பட ஏறக்குறைய 300 பேருக்கு விசா தடை விதித்தது. 2024 ஜனவரியில் அரேவாலோ பதவியேற்றார்.

விசா தடை உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே தொட்டோனிக்காபான் பகுதிப் பழங்குடித் தலைவர்களின் அழைப்பை ஏற்று மக்கள் நாடெங்கும் சாலைகளை மறித்திருந்தார்கள். தலைநகரில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் முன் நூறு நாட்களுக்கு மேல் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். 1954இல் வாக்குரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். வாக்கைக் காத்த பெருமையில் முதல் பங்கு அவர்களுக்கே.