ஜூன் மாதத்துப் பிறந்த தேதி

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் சான்றிதழில் என்ன பிறந்த தேதி என்று கேட்டால், பலருக்கு மே அல்லது ஜூன் என்று வரும். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் வயது ஐந்து. தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். அந்தத் தேதிக்கு ஒரு கபடிக்காரனின் ஆட்டத்தை நிறுத்தும் பலம் உண்டு என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் வயதைக் கணக்கிடும் நாள் ஜூலை 1. ஜூன் கடைசியில் பிறந்ததாக எழுதப்பட்டவன் ஜூலை 2-இல் பிறந்தவனுக்குச் சில நாள்தான் மூத்தவன். ஆனால் அவனுக்கு ஓராண்டு ஆட்டமே போய்விடும்.

அன்று அது பெரிதாக உறைக்கவில்லை. வயது வரம்பு 28. 1978-இல் பிளஸ் டூ வரும்வரை புகுமுக வகுப்பான பி.யு.சி. கல்லூரியில்தான் இருந்தது. பதினாறு வயதுப் பையன் பி.ஏ. அண்ணன்களோடு ஒரே அணியில் இறங்கினான். பிளஸ் டூ வந்ததும் அந்த வயது பள்ளிக்குப் போய், பத்தொன்பதுக்குட்பட்டோர் பிரிவில் சேர்ந்தது.

இப்போது மேல் வரம்பு 25. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளும் 2019-இல் 28-இலிருந்து 25-க்கு இறங்கின. காரணம் இல்லாமல் இல்லை. அணியில் நீடிப்பதற்காகவே ஒரு பட்டம் முடித்து இன்னொரு பட்டத்தில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். புதுப் பையன்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தடுத்தது சரிதான்.

ஆனால் பிளஸ் டூ முடித்துச் சுண்ணாம்புக்கல் லாரியிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ நாலைந்து வருஷம் உழைத்து, அக்கா கல்யாணக் கடனை அடைத்துவிட்டு, 23 வயதில் பி.ஏ. சேர்கிறவனும் அதே கத்தியில் வெட்டுப்படுகிறான். அவன் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டான். மூன்றாம் வருஷம் வரும்போது வாசலில் நிற்பான். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்று ஒரு தகுதி என்பதால், இந்த இழப்பு மைதானத்தோடு முடிவதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிய பருவத்தையே எண்ணுகிறார்கள்: ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம். முன்பு அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டத்தில் சில நிமிடம் இறங்கினாலும் பருவம் கழிந்துவிடும். 2018 முதல் நான்கு ஆட்டம்வரை இறங்கினாலும் கழியாது. கொரோனா பாதித்த 2020-21 பருவத்தைப் பல விளையாட்டுகளில் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கேயும் ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத்தான் செய்கிறது. என்றாலும் ஒருவன் எவ்வளவு ஆடினான் என்ற கேள்வி அங்கே கேட்கப்படுகிறது. இங்கே முழங்கால் தசைநார் கிழிந்து படுத்திருந்த வருஷமும் வயதில் ஏறிவிடுகிறது.

கல்லூரி ஒன்றே வழி என்ற நிலை மாறியிருக்கிறது, அது பெரிய ஆறுதல். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்று மேலே வந்தவர். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு 17 முதல் 25 வரை என்றாலும், பொதுப்பிரிவு 35 வரை போகிறது.

கல்லூரி அணிக்கும் அந்தப் பெருந்தன்மை வரலாம். யார் எந்த ஆண்டு எந்தப் போட்டிக்குப் போனார் என்பது கல்லூரி உடற்கல்வித் துறையின் ஏட்டிலேயே இருக்கிறது. முழுநேரம் படிக்கிறவனுக்கு, 28 வயதுக்குள் நான்கு பருவம் என்று அதைப் பார்த்து எண்ணினால் போதும். பட்டம் மாற்றி மாற்றி அணியில் ஒட்டிக்கொள்கிறவர் ஐந்தாவது பருவத்தில் தானே விலகுவார். லாரியிலிருந்து இறங்கி வந்தவனுக்குத் தன் பங்கு கிடைக்கும்.