அசையும் புரதம்: காந்த ஒத்ததிர்வு காட்டும் உண்மை

ஆரணிப் பட்டை வாங்கிப் பெங்களூர் சிக்பேட்டையில் விற்று நாற்பது வருஷம் ஓட்டியவன் நான். அந்தப் பட்டே ஒரு புரதம் என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. படிக்கத் தூண்டியது கடை அல்ல, என் அண்ணன். தறியில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் அந்தக் கை, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். "மூளைல ஒரு புரதம் கட்டி தட்டிப் போகுதுங்க" என்றார். ஏன் கட்டி தட்டுகிறது என்று தேடிப் போனவன், அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்ற கலையில் வந்து நின்றேன். அதைத்தான் இங்கே எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. அது மடிந்து சுருண்டு ஒரு வடிவம் கொண்டால்தான் பெரும்பாலும் வேலை செய்யும். அந்த வடிவத்தை முதலில் காட்டியது எக்ஸ் கதிர். ஆனால் அதற்குப் புரதம் படிகமாக உறைய வேண்டும். உடம்புக்குள் இருப்பதோ தண்ணீர்.

தண்ணீரில் மிதக்கும் புரதத்தையே பார்க்க வழி செய்தது காந்தம். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால், சுற்றும் பம்பரம் தலையாட்டுவதுபோல ஒரு கதியில் ஆடும். அதே கதியில் ரேடியோ அலையை அனுப்பினால் வாங்கிக்கொண்டு பதில் குரல் கொடுக்கும். 1946-இல் பிளாக், பர்செல் என்ற இருவர் தனித்தனியே இதைக் கண்டார்கள். 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் இதுதான் அடிப்படை. புரத ஆய்வில் சாதாரணமாகப் புழங்கும் 14.1 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு.

அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்களைப் பொறுத்து ஒவ்வொரு ஹைட்ரஜனின் குரலும் கொஞ்சம் மாறும். சிறிய புரதத்திலேயே நூற்றுக்கணக்கான ஹைட்ரஜன்கள். கல்யாண மண்டபத்து இரைச்சல்தான், போங்கள்! அதைப் பிரித்துக் கேட்க, குரல்களை இரண்டு அச்சுகளில் விரித்துப் போட்டார்கள். ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ரம் தூரத்துக்குள் (ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் 5 பங்கு) இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள் ஒன்றின் குரலை மற்றொன்று பாதிக்கும். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று தெரிந்தால் முழுப் பந்தியையும் வரைந்துவிடலாம் அல்லவா? அதே கணக்கு. இம்முறையைப் புரதத்துக்குக் கொண்டுவந்த 1980-ஆம் ஆண்டுக் கட்டுரையில், சூரிச் நகரத்து எர்ன்ஸ்ட், வூத்ரிக் ஆகியோருடன் நம்மூர் இந்திய அறிவியல் கழகத்தின் அனில் குமார் பெயரும் இருக்கிறது. 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று நாம் பஸ்ஸில் தாண்டிப் போகும் இடம்தான்! வூத்ரிக் 2002-இல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்.

என்னை உண்மையில் அசத்தியது வடிவம் அல்ல, அசைவு. மாட்டின் கணையத்தில் 58 மணிகள் கொண்ட ஒரு புரதம் உண்டு. எக்ஸ் கதிர்ப் படத்தில் அது கல்லுப்போல இறுகியிருக்கும். உள்ளே சில மணிகளில் ஆறு கார்பன் கொண்ட தட்டையான வளையங்கள் நெருக்கி அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட வளையத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அண்டைவீட்டாரைப் பார்ப்பதால், இரண்டு பக்க ஹைட்ரஜனும் இரண்டு குரலில் பேச வேண்டும். 1970-களில் வூத்ரிக்கும் வாக்னரும் கேட்டபோது, குளிரில் இரண்டாக இருந்த குரல்கள் சூடேற்றினால் ஒன்றாகக் கலந்தன. இரண்டு வர்ணம் பூசிய பம்பரம் வேகமாகச் சுற்றினால் ஒரே வர்ணமாகத் தெரிவதுபோல! அதாவது, வளையம் பக்கம் மாறிப் புரண்டுகொண்டே இருக்கிறது. நெருக்கத்தில் அது புரள வேண்டுமானால் சுற்றியுள்ள பகுதி முழுவதும் ஒரு கணம் விரிந்து கொடுத்தாக வேண்டும். படிகத்தில் கல்லாகத் தெரிந்தது, தண்ணீரில் மூச்சுவிடுகிறது. எக்ஸ் கதிரைக் குறைத்துச் சொல்லவில்லை. மிகப் பெரிய புரதங்களில் காந்த முறை திணறும் என்பதும் உண்மை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டி தட்டும் அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா சைனூக்ளின், 140 மணிகள். பார்க்கின்சன் நோயோடு அதன் தொடர்பு 1997-இல் வெளிப்பட்டது. தனியாக நீரில் மிதக்கும்போது அதற்கு நிலையான வடிவமே கிடையாது, சிக்கெடுக்காத நூல்தான். படிகமாக்கிப் பார்ப்பதற்கு ஒரு வடிவம் இல்லாததால் காந்த முறைதான் கைகொடுக்கிறது. 2016-இல் பாலூட்டி உயிரணுக்களுக்குள்ளேயே அதை வைத்துக் கேட்டார்கள். அங்கும் அது வடிவமற்றே இருந்தது. ஆனால் கட்டி தட்டக் காரணமான நடுப்பகுதியை மறைத்து, கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டிருந்தது.

இதை அண்ணனிடம் சொன்னேன். நெசவாளி அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "முன்றானை மாதிரி மூடிக்கிட்டு இருக்குதுன்றே. அது எப்போடா விலகுது?"

அந்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. அண்ணன் கேட்ட கேள்வியையேதான் ஆய்வாளர்களும் கேட்கிறார்கள். எந்த மூலக்கூறு வந்து ஒட்டினால் 140 மணிகளில் எதன் குரல் மாறுகிறது என்று, ஒவ்வொரு மணியாகக் கேட்டுக் குறித்துவருகிறார்கள்.