கட்டிலும் கையெழுத்தும்

“அம்மாவுக்கு இனிமே என்ன தெரியப்போகுது அண்ணாச்சி?” என்றான்.

வத்திராயிருப்பு தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். வ. புதுப்பட்டி டீக்கடையில் உட்கார்ந்தாலும் சந்தேகம் கேட்டு யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். இந்தத் தம்பியின் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. பிள்ளைகள் மூன்று பேரும் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். ஆளுக்கு நாலு மாதம் முறை வைத்துப் பார்ப்பது. தென்னந்தோப்பை இப்போதே மூன்றாகப் பிரித்து செட்டில்மென்ட் எழுதிவிடுவது. அப்பாவின் குடும்ப பென்ஷன் வருகிற பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் மூத்தவன் கையில். பத்திரத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்க வந்தவனிடம், “அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். அம்மாவை ஒரு நாளும் பட்டினி போட மாட்டார்கள். கெட்ட பிள்ளைகளுக்குச் சட்டத்தைக் காட்டினால் போதும், நல்ல பிள்ளைகளுக்குத்தான் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தானே செய்ய முடியாமல் போவது ஒன்று. தானே முடிவெடுக்க முடியாமல் போவது வேறு. நம் வீடுகளில் முதலாவது வந்த அன்றைக்கே இரண்டாவதும் வந்துவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறோம். குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்றானதும், எப்போது குளிப்பது என்பதையும் குளிப்பாட்டுகிறவரே தீர்மானித்துவிடுகிறார். ஆட்டோவை ஓட்டத் தெரியாதவர் ஏறி உட்கார்ந்தால், எங்கே போக வேண்டும் என்று டிரைவரா முடிவு செய்கிறார்?

“அது சரி அண்ணாச்சி, உடம்பு முழுக்க விழுந்துட்டா?” என்றான். ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறி சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டினால் ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர், 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு இயங்காமல் போயிற்று. ஊருக்குத் திரும்பிய அவர் 1981-இல், ஐ.நா. சபை உடல் ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்த அதே ஆண்டில், ஒரு கூரைக் கொட்டகையில் சில பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தமக்கு ராணுவ மருத்துவமனையில் வைத்தியம் பார்த்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். 1992-இல் சங்கரராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். இன்று அங்கே பள்ளி, தொழிற்பயிற்சி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு என்று பெரிய வளாகமே இருக்கிறது. அங்கிருந்து கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நான் அவனுக்குச் சொல்ல வந்தது விருதை இல்லை. விரலை அசைக்க முடியாத ஒருவரை ஒரு மூலையில் படுக்க வைத்து வேளாவேளைக்குச் சோறு ஊட்டியிருந்தால், ‘நல்லா வச்சுப் பார்த்தாங்க’ என்று ஊர் மெச்சியிருக்கும். சங்கம் வந்திருக்காது. அமெரிக்காவில் இதே மாதிரி எட் ராபர்ட்ஸ் என்றொருவர். போலியோ வந்து, மூச்சுவிடவே இயந்திரம் வேண்டியிருந்தவர். 1972-இல் பெர்க்லியில் அவரும் நண்பர்களும் தொடங்கிய மையம் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றது: உதவிக்கு வருகிற ஆளை அமர்த்துவதும் வேலை சொல்வதும் உதவி பெறுகிறவர் கையில் இருக்க வேண்டும்.

அம்மா ஒன்றும் சங்கம் நடத்த வேண்டாம். அவருக்கு முன்னால் இருப்பவை சின்னச் சின்ன முடிவுகள். கஞ்சியா தோசையா, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, சன்னலோரக் கட்டிலா உள்ளறையா, இந்த முறை சின்னவன் வீடா மூத்தவன் வீடா. பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் பலருக்கு நாம் பேசுவது புரியும், வார்த்தைதான் வெளியே வராது. ஒரே மூச்சில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று எழுந்து போகக் கூடாது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இரண்டு பொருளை முன்னால் காட்டினால் இடது கையால் தொட்டுக் காட்டுவார். தலையசைப்பு ஒரு பதில், முகத்தைத் திருப்பிக்கொள்வது இன்னொரு பதில். நேரம் ஆகும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பதும் சோறு கொடுப்பதைப் போலவே பராமரிப்பில் சேர்த்திதான்.

“சுகர் இருக்கு, ஆனா பால்கோவா வேணும்னு கை காட்டுதாங்களே?” என்று மடக்கினான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பிறந்தவர் வேறு எதைக் கேட்பார்? ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆபத்தே வராமல் ஒருவரைப் பொத்திப் பொத்திக் காத்தால் அவருடைய மானம் போய்விடுகிறது, அளவான ஆபத்தைத் தானே ஏற்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு என்றார். டாக்டரிடம் அம்மாவை வைத்துக்கொண்டே கேள். எவ்வளவு சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அம்மாவிடம் சொல்லட்டும். அதற்கப்புறம் ஒரு சின்ன விள்ளல் வேண்டும் என்று அம்மா கை காட்டினால், அது பிள்ளையின் சம்மதத்துக்கு நிற்கிற விஷயம் இல்லை. முழுங்குவதற்கே சிரமம் இருந்தால் கதை வேறு, புரையேறும். அதையும் டாக்டரிடமே கேட்டுவிடு.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் உடம்பும் கெடும் என்பது இன்னொரு பக்கம். நல்ல ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கே அப்படி. இடது கையால் தானே டம்ளரைப் பிடித்துப் பாதியைச் சிந்திக் குடிக்கிறாரா, சிந்தட்டும். துடைக்கத் துணியா இல்லை, ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மனசு சம்பந்தப்பட்ட ஒரு பழைய சோதனையும் உண்டு. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செய்தது, 1976-இல் வெளியானது. ஒரு மாடிக்காரர்களிடம் அறைச் சாமான் எப்படி இருக்க வேண்டும், எந்த இரவு சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார்கள். ஒரு செடியைக் கொடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் செடி கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றியது நர்ஸ். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 30 சதவீதம். சின்ன ஆய்வு. சாவுக் கணக்கு அவ்வளவு உறுதியானதில்லை என்று பின்னால் திருத்தமும் வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆயுசு கூடும் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள் என்பது போதும்.

விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசினால், படுத்துவிட்ட முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கிற தலைக்கூத்தலைச் சொல்லாமல் தாண்ட முடியாது. நம் பக்கத்து ஊர்களில் நடந்தது, வெளியூர்க்காரர்கள் இட்டுக்கட்டியது இல்லை. 2010-இல் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன்னை அனுப்பிவைக்க வீட்டார் பேசியது காதில் விழுந்து, உறவினர் வீட்டுக்குத் தப்பிப் போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படம் இதைப் பற்றியதுதான், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. கஷ்டம் தீரட்டும் என்று நினைத்துத்தான் செய்தோம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. சட்டப்படி அது கொலை. அங்கேயும் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளிடம் யாரும் கேட்கவில்லை. தம்பி முகம் சுருங்கியது. “எங்க வீட்டை அதோட சேர்க்காதீங்க” என்றான். சேர்க்கவில்லை. கேட்காமலே முடிவெடுக்கிற பழக்கம் எங்கே வரைக்கும் போகும் என்று காட்டினேன், அவ்வளவுதான்.

பிறகு அவன் வந்த விஷயத்துக்கு வந்தோம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பார்க்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். மாதம் 10,000 ரூபாய் வரை கட்டச் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது 23-ஆம் பிரிவு. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்கச் சொல்லலாம்.

சிக்கல் அந்த நிபந்தனையில்தான். நம் பத்திரங்களில் ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று ஒரு வரி இருக்கும், பராமரிப்பு என்ற பேச்சே இருக்காது. நிபந்தனை இருந்ததென்று காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாக விரித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அன்பும் பிரியமும் என்று எழுதினாலே பராமரிப்பு அதற்குள் அடங்கியதுதான் என்று அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து வழக்கில் சொன்னது. எந்தத் தீர்ப்பு நம் பக்கம் பேசும் என்று பார்த்துக்கொண்டு இருப்பானேன்? உணவு, மருத்துவம், தங்குமிடம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து என்று இரண்டு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். ஆயுசு உள்ளவரை தோப்பு வருமானத்தை அவரே அனுபவிப்பார் என்று இன்னொரு வரி. என்னைக் கேட்டால் இப்போது எழுதவே வேண்டாம் என்பேன். உயில் எதற்கு இருக்கிறது? அதை மனசு மாறினால் மாற்றி எழுதலாம்.

பாங்க் விஷயம் சுருக்கமானது. கையெழுத்துப் போட முடியாது என்பதற்காகக் கார்டை மூத்தவன் வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நோயாளிக் கணக்குதாரர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், கை முடியாவிட்டால் கால் விரல் ரேகையே வைக்கலாம். சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் பாங்க் அதிகாரி. ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது. எழுபது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீடு தேடிப் போய்ச் சேவை தர வேண்டும் என்றும் 2017 நவம்பரில் பாங்குகளுக்கு உத்தரவு போட்டது. பணத்தை மூத்தவன்தான் எடுத்துக்கொண்டு வரட்டும். எடுத்ததை அம்மா மடியில் வைத்து, இன்ன செலவு என்று சொல்லிவிட்டு வாங்கிப் போகட்டும்.

“புத்தி சுவாதீனம் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி, அண்ணனைக் கார்டியனாப் போட்டா வேலை லேசு இல்லையா?” என்றான். லேசுதான், அதில்தான் ஆபத்து. 2006-இல் ஐ.நா. கொண்டுவந்த மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. அதை ஒட்டி வந்த 2016 சட்டம், குறைபாடு இருப்பதாலேயே ஒருவரின் சட்டத் தகுதி போய்விடாது என்கிறது. துணை கொடுத்தும் முடிவெடுக்க முடியாத நிலை என்றால்தான் வரம்புள்ள காப்பாளர். அவரும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர். பெரு நாடு 2018-இல் ஊனத்தைக் காரணம் காட்டிக் காப்பாளர் போடும் முறையையே எடுத்துவிட்டது. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை.

தம்பியின் கடைசித் தயக்கம் நியாயமானது. “எல்லாத்தையும் அம்மா இஷ்டம்னு விட்டா, என் வீட்டுக்காரி கதி? ராத்திரி மூணு தடவை எந்திரிக்கா.” அம்மாவின் உரிமை அம்மாவின் வாழ்க்கை மேல்தான், மருமகள் முதுகெலும்பின் மேல் இல்லை. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மலஜலம் எடுப்பது ஏன் மூன்று மருமகள்களின் முறையாகவே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். கட்டிலிலிருந்து ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற முறையை அவர்களிடம் கற்றுக்கொண்டால் உன் வீட்டுக்காரியின் இடுப்பு பிழைக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது நீ.

வீட்டுக்குள் பழகாததை வெளியே எதிர்பார்க்கிறோம் என்பதும் உண்டு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தத்தை 2025-இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. புதுப்பட்டி மாதிரிப் பேரூராட்சிகளுக்கும் அது உண்டு. நாற்காலி கிடைக்கும். வீட்டில் இத்தனை நாள் வாயைத் திறக்க விடாத ஒருவர் மன்றத்தில் போய் எழுந்து பேச எத்தனை கூட்டம் பிடிக்குமோ!

பத்திர ஆபீஸுக்கு அம்மாவை எப்படித் தூக்கிப் போவது என்று கேட்டான். தூக்க வேண்டாம். உடல் முடியாதவர்களுக்காகச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனு எழுதி, கட்டணம் கட்ட வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

“நாங்க மூணு பேரும் பக்கத்துல நின்னாதானே அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்?”

“நீங்க மூணு பேரும் அந்த நேரம் திண்ணையில இருங்க. அதிகாரி கேட்கட்டும். அவங்க வேண்டாம்னு தலையாட்டினா அன்னைக்குப் பத்திரம் இல்ல. கட்டின காசு போனாப் போகுது.”