கடைசி வரிசை ஏன் பிந்துகிறது?

சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடக்கும்போது உங்கள் பள்ளி மைதானத்தில் இக்காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முன்னே பாண்டு வாத்தியம்; பின்னே மாணவர் அணிகள். பெரிய முரசு ‘தொம்’ என்று ஒலிக்கும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் பட வேண்டும். முன் வரிசைகள் சரியாக நடக்கின்றன. வால் பகுதியில் மட்டும் கால்கள் சற்றே பிந்தி விழுகின்றன. விசில் ஊதுகிறது. அணி நிற்கிறது. “கடைசி வரிசை! தூங்குகிறாயா?” என்று ஓர் அதட்டல்.

அந்த மாணவன் தூங்கவில்லை. முரசொலி தன் காதில் விழுந்த அதே கணத்தில் காலை ஊன்றினான். பின் ஏன் பிந்தினான்? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

விரைவு நடையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 காலடிகள். ஆக ஒரு காலடிக்கு அரை வினாடி. ஒலியோ காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். அணியின் நீளம் 85 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முரசொலி தலையிலிருந்து வாலுக்குப் போய்ச் சேரக் கால் வினாடி ஆகிறது. கால் வினாடி என்பது அரைக் காலடி! முன் வரிசையின் இடது கால் தரையில் பட்டு, வலது கால் பாதித் தூரம் வந்துவிட்ட பிறகே ‘இடது’ என்னும் செய்தி கடைசி வரிசைக்குக் கிடைக்கிறது. அணி 170 மீட்டர் நீண்டுவிட்டால் தலையில் வலது கால் விழும்போது வாலில் இடது கால் விழும்.

அதட்டிய ஆசிரியர் எங்கே நின்றார் என்பதையும் கவனியுங்கள். அவர் முரசின் அருகில் நின்றார். வாலில் எழுந்த காலடியோசை அவரிடம் திரும்பி வர இன்னொரு கால் வினாடி வேண்டும். ஆகவே கண்ணுக்குக் கால் வினாடியாகத் தெரிந்த பிழை, காதுக்கு அரை வினாடியாகக் கேட்கிறது. அவரே கடைசி வரிசையோடு நின்றிருந்தால், முரசொலியும் அந்த மாணவனின் காலடியோசையும் ஒன்றாகவே கேட்டிருக்கும். முன் வரிசைகளின் காலடியோசையும் முரசொலியோடு சேர்ந்தே பயணம் செய்து அவரை வந்தடையும். ‘ஆகா, என்ன ஒழுங்கு!’ என்று பாராட்டியிருப்பார்.

ஒலியின் இந்தத் தாமதத்தை நடந்துகொண்டே வாசிப்பவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அவர்களுடைய பழக்கங்கள் பலவற்றுக்கு இதுவே காரணம். பாண்டின் முன்னே நீண்ட கோலை உயர்த்தித் தாழ்த்திச் செல்லும் டிரம் மேஜரை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர் உண்டு. கோலிலிருந்து வரும் ஒளி 85 மீட்டரைக் கடக்க, ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே கோல் இறங்குவதை எல்லோரும் ஒரே சமயத்தில் காண்கிறார்கள். நீண்ட அணிகளில் முரசை நடுவில் வைத்தாலும் பயன் உண்டு. 85 மீட்டர் அணியில் மிகப் பெரிய தாமதம் பாதியாகிவிடும்.

நாம் இன்று பார்க்கும் பாண்டு வாத்தியத்தின் பெரிய முரசும் கைத்தாளமும் ஓட்டோமான் துருக்கியரின் ‘மெஹ்தர்’ என்னும் படை வாத்தியக் குழுவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளுக்குப் போனவை. அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சென்னைக்கு வந்தன. புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) அவற்றுக்கு வடமொழிச் சொற்களை அமைத்தார் என்பார்கள். ‘நோட்டு சுவரங்கள்’ எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோசி அரண்மனையிலேயே மேனாட்டு முறையில் ஒரு பாண்டு வைத்திருந்தார்.

கல்லூரிகளுக்குள் இது வந்த வழி வேறு. 1917இல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் படை தொடங்கப்பெற்றது. 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாயிற்று. 1948இல் தேசிய மாணவர் படை, அதாவது உங்களுக்குத் தெரிந்த என்.சி.சி., அதன் இடத்தில் வந்தது. நம் கல்லூரிகளில் பாண்டு இருந்தால் அது பெரும்பாலும் என்.சி.சி. பாண்டாகவே இருக்கும்.

அமெரிக்காவிலும் பல்கலைக்கழகப் பாண்டுகள் பல மாணவர் படைப் பயிற்சிக்காகவே தோன்றின. இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1886இல் ஐந்து மாணவர்கள் தொடங்கிய முரசுக் குழு அத்தகையது. பிறகு அது கால்பந்து மைதானத்துக்குள் இறங்கியது. (அவர்கள் கால்பந்து என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது, அது வேறு கதை.) 1907இல் இக்குழுவினர் நேர் வரிசைகளைக் கலைத்து, மைதானத்தில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் நின்று காட்டினார்கள். 1921இல் ஆள் உயரத்தையும் மிஞ்சும் ஒரு முரசைச் செய்வித்துச் சக்கர வண்டியில் ஏற்றினார்கள். நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் இப்பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதே பாண்டில் பாரிட்டோன் என்னும் பித்தளைக் கருவியை வாசித்தவர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1936 முதல் ஒற்றை வரிசையாக நடந்து தம் மாநிலத்தின் பெயரையே கூட்டெழுத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். அதில் வரும் ‘ஐ’ எழுத்தின் மேற்புள்ளியாகப் போய் நிற்பது ஒரு மாணவர் அடையும் பெரிய பெருமை.

அந்த மைதானத்தின் நீளம் சுமார் 91 மீட்டர். இவ்வளவு பரந்து நின்று வாசித்தால் கால் வினாடித் தாமதம் இசையையே கெடுத்துவிடும். அதற்கு அவர்கள் வைத்துள்ள வழி எனக்கு மிகவும் பிடித்தது. முரசு வாசிப்பவர்களைப் பின்னே நிறுத்துகிறார்கள். அவர்கள் கண்ணால் கோலைப் பார்த்து அடிக்கிறார்கள். முன்னே நிற்கும் ஊதுகருவிக்காரர்களோ பின்னிருந்து வரும் முரசொலியைக் காதால் கேட்டு வாசிக்கிறார்கள். இது தலைகீழாக அல்லவா தோன்றுகிறது? யோசித்துப் பாருங்கள். முரசுக்கு 34 மீட்டர் முன்னால் ஒருவர் கிளாரினெட்டுடன் நிற்கிறார். முரசொலி பத்தில் ஒரு வினாடி கழித்து அவரைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் அவர் ஊதினால், இரண்டு ஒலிகளும் கைகோத்துக்கொண்டு எதிரில் அமர்ந்திருக்கும் மக்களிடம் போய்ச் சேரும். அவர் கோலைப் பார்த்து ஊதினால் அவருடைய ஒலி பத்தில் ஒரு வினாடி முந்திவிடும். கடைசி வரிசையோடு நின்ற ஆசிரியருக்கு எல்லாம் ஒழுங்காகக் கேட்டதே, அதே விதிதான் இங்கும்.

இனி மலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மைதானத்தில் அணிவகுத்த பாண்டை அப்படியே கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அழைத்துச் செல்வதாகக் கற்பனை செய்யுங்கள். ‘மேலே காற்று மெல்லியது, எனவே ஒலியின் வேகம் மாறும்’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அப்படி இல்லை. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவது உண்மை. வெப்பநிலை மாறாதிருந்தால் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறையும். ஒலியின் வேகம் இவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. ஆகவே ஒன்றை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. வெப்பநிலைதான் வேகத்தை மாற்றுகிறது. 0 டிகிரி செல்சியசில் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எங்கள் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாயை வைத்து ஏப்ரல் மாதத்தில் 350 என்று சரியாக அளந்துவிட்டு, புத்தகத்தில் 331 இருக்கிறதே என்று அடித்துத் திருத்தும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன்!

கீழே கோடைப் பிற்பகல் 36 டிகிரி, மேலே பனிக்காலக் காலை 16 டிகிரி என்று கொள்வோம். வேகங்கள் முறையே 352.6, 340.6 மீட்டர். குழாயின் நீளம் மாறவில்லை. ஆதலால் அதன் அதிர்வெண் வேகத்தின் விகிதத்தில் மாறும். கீழே வினாடிக்கு 455 அதிர்வுகள் தந்த கிளாரினெட் மேலே 440க்கு அருகில் இறங்கும். இது அரைச் சுரத்தில் பாதிக்கும் அதிகம். உண்மையில் இவ்வளவு இறங்காது. ஊதுபவரின் மூச்சு குழாயைச் சூடாக்கிவிடுகிறது. புறப்படும் முன்பு பாண்டுக்காரர்கள் சிறிது நேரம் ‘பீப், பீப்’ என்று ஊதிக்கொண்டே நிற்பதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

தோல் கருவிகளின் நிலை இன்னும் மோசம். மலைப்பனியின் ஈரத்தைத் தோல் உறிஞ்சித் தளர்கிறது. இழுவிசை நான்கில் ஒரு பங்கானால் அதிர்வெண் பாதியாகும். 1950களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் படலம் போர்த்திய முரசுகள் பரவின. ஈரத்தை உறிஞ்சாத அவற்றுக்குப் பனியைப் பற்றிக் கவலை இல்லை. நம் ஊர்ப் பறைக்கு அப்படியல்ல. அதுவும் தோளில் மாட்டி, ஊர்வலத்தில் அடவு வைத்து நடந்தபடியே அடிக்கும் கருவிதான். கம்பெனியாரின் பாண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிருந்த நடை வாத்தியம். ஊர்வலம் புறப்படும் நேரத்தில் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். ‘நேரமாகிறது, இன்னும் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்களே’ என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். தோலிலிருந்து ஈரம் வெளியேற, தோல் சுருங்கி, சட்டத்தின் மேல் இழுவிசை ஏறுகிறது. எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்பதை அவர்கள் விரலால் தட்டி, காதால் அளக்கிறார்கள். நேரம் போதாமல் அரைகுறையாகக் காய்ந்த பறையின் மந்தமான ஒலியையும், நன்றாகக் காய்ந்ததன் ‘கணீர்’ ஒலியையும் ஒருமுறை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

முரசு ஒன்று கிடைத்தால் ஒலியின் வேகத்தை நீங்களே அளந்துவிடலாம். ஏரிக்கரை போன்ற நீண்ட, நேரான, வண்டி வராத இடம் வேண்டும். நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்திற்குச் சரியாக 120 அடிகள் அடிக்கட்டும். கோலை நன்றாக உயர்த்தி அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி மெல்லச் செல்லுங்கள். போகப் போக ஒலி, கண்ணால் காணும் அடியை விட்டுப் பிந்தும். ஓரிடத்தில் கோல் உச்சியில் இருக்கும்போது ‘தொம்’ கேட்கும். இன்னும் தள்ளிச் சென்றால், அடியும் ஒலியும் மீண்டும் ஒன்றுசேரும் இடம் வரும். நீங்கள் கேட்பது இப்போது விழும் அடியின் ஒலியன்று. அரை வினாடிக்கு முன் விழுந்த அடியின் ஒலி. அந்த இடத்திற்கும் முரசுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். கிடைப்பது ஒலியின் வேகம். அன்றைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியானால் தூரம் 174 அல்லது 175 மீட்டர் வர வேண்டும். சில மீட்டர் முன்பின் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.