அரக்குப் புடவையை கேமரா எப்படிப் பார்க்கிறது?

"வீடியோல பார்த்த கலரே இல்ல." புடவை ரீல்ஸ்களுக்குக் கீழே அலுக்காமல் வந்து விழும் புகார் இது. உடல், பார்டர், முந்தானை, விலை என்று அரை நிமிடத்தில் காட்டி முடித்துவிடும் அந்த வீடியோக்களில் பேசுபவர் ஏமாற்றுகிறார் என்று பார்த்தவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சிலர் ஏமாற்றவும் செய்கிறார்கள். ஆனால் ஃபில்டர் எதுவும் போடாத நேர்மையான ஆள் எடுத்தாலும் அரக்கு அரக்காகவே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. புடவையிலிருந்து கண்ணுக்குப் போவதற்குள் நிறம் பல கை மாறுகிறது.

முதல் கை, விளக்கு. எந்தெந்த அலைநீளங்களை விழுங்குவது, எவற்றைத் திருப்பி அனுப்புவது என்பது மட்டுமே சாயத்தின் வேலை. மீதி விழுகிற ஒளியைப் பொறுத்தது. வெயிலில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லாம் இடைவெளியில்லாமல் இருக்கின்றன. கடையின் வெள்ளை எல்.இ.டி. அப்படியல்ல. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்றுகிறது. மிஞ்சிய நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் கூராக எழும்பி நிற்கும். அடர்சிவப்புப் பக்கம் மெலிந்து கிடக்கும். அரக்குச் சாயம் திருப்பி அனுப்ப வேண்டியதோ அந்த அடர்சிவப்பைத்தான். வராததை எங்கிருந்து அனுப்பும்? நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணை நம்பியும் பயனில்லை. எட்டு மிதமான நிறங்களை வைத்துப் போடும் சராசரி அது. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை.

கடைக்குள் கச்சிதமாகப் பொருந்திய ரவிக்கைத் துணி தெருவுக்கு வந்ததும் வேறாகிவிடுவதும் இதனால்தான். நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. இரண்டு வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கில் இந்த மூன்றையும் ஒரே அளவில் தூண்டிவிட்டால் போதும், மூளைக்கு இரண்டும் ஒன்று. விளக்கு மாறினால் கணக்கு மாறும். "வெளிச்சத்துல காட்டுங்க" என்று புடவையோடு வாசலுக்கு நடக்கும் அம்மாக்கள் சரியான ஒளியியல் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது கை, கேமரா. அதன் சென்சாருக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவதொரு வடிகட்டியை ஒட்டிவிடுகிறார்கள். பச்சை இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு: கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பும் அதிலிருந்து பிறந்தவையும்தான் இன்றும் போன்களுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்தவை.

அதன்பிறகு 'ஒயிட் பேலன்ஸ்' நுழைகிறது. எந்தக் காட்சியிலும் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ சாம்பல் வரும் என்பது கேமராவின் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. மஞ்சள் புடவையைக் கேமராவருகே கொண்டுவந்து திரை முழுக்க நிரப்பினால், விளக்குதான் மஞ்சளாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு அது நீலத்தைக் கூட்டிவிடும். க்ளோஸப்பில் ஜரிகையைக் காட்டப்போகும் அந்த நொடியில் புடவை வெளிறுவது இதனால்தான்.

நிறத்தைப் படம்பிடிக்கும் முயற்சியில் துணிக்குப் பழைய இடம் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1861-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் உலகின் முதல் வண்ணப் புகைப்படம் என்று பரவலாகச் சொல்லப்படும் படத்தைத் திரையில் காட்டினார். படத்தில் இருந்தது கட்டம்போட்ட ஒரு ரிப்பன். அவருக்காகத் தாமஸ் சட்டன் அதைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்திருந்தார். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைத்தபோது நிறம் உயிர்பெற்றது. வினோதம் என்னவென்றால், அந்தக் காலத்துப் புகைப்படத் தகட்டுக்குச் சிவப்பு ஒளி உறைக்கவே உறைக்காது. பிறகு சிவப்புப் படம் எப்படி விழுந்தது? நூறு ஆண்டுகள் கழித்துக் கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் குழு கண்டுபிடித்தது: ரிப்பனின் சிவப்புச் சாயம் புறஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியது, சிவப்பு வடிகட்டி அதையும் கசியவிட்டது. மேக்ஸ்வெல் காட்டிய சிவப்பு, கண்ணுக்கே தெரியாத ஒளியால் வந்த சிவப்பு. நம் ரீல்ஸ்களை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை.

அடுத்த இரண்டு கைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று பகிர்ந்துவிடுகிறார்கள். கண் வெளிச்சத்தில் கறார், நிறத்தில் அசட்டை என்பதால் பெரும்பாலும் பிடிபடாது. அரக்கில் ஓடும் மெல்லிய பச்சைக் கோடு மட்டும் கலங்கிப்போகும். கடைசியில் பார்ப்பவரின் திரை. பரவலாகப் புழங்கும் எஸ்.ஆர்.ஜி.பி. அளவுகோல், கண்ணுக்கு எட்டும் நிறப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. பட்டில் பளீரென்று நிற்கும் மயில்நீலம் அதற்கு வெளியே விழுந்தால், அருகிலுள்ள மங்கலான நீலம் அதன் இடத்தில் உட்காரும்.

எடுப்பவர் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சம். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் ஓர் எண்ணில் பூட்டிவைப்பது. ஃப்ரேமின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாள் நீலமாகத் தெரிந்தால் புடவையும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கே புரியும். விளக்கில்தான் எடுக்க வேண்டுமென்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்கலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாத ஷட்டரில் புடவைமேல் கறுப்புப் பட்டைகள் ஊரும்.

இவ்வளவு குறைக்கும் நடுவே, புகைப்படத்தால் ஆகாத ஒன்றை வீடியோ செய்யும். மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இரண்டு இழைகளும் குறுக்கே கிடப்பதால் ஒளியை வெவ்வேறு திசையில் திருப்புகின்றன. மடிப்பு அசைய அசையப் பச்சையும் நீலமும் இடம் மாறும். நின்ற படத்தில் இது வராது. அசைவு காட்டுவது நிறத்தோடு நிற்பதில்லை. 2013-இல் கேத்தரின் பௌமனும் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் காற்றில் ஆடும் துணிகளைப் படமெடுத்து, அந்த வீடியோவை மட்டும் கொண்டு துணியின் விறைப்பையும் எடையையும் கணிக்கக் கணினியைப் பழக்கினார்கள். பின்னாளில் கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கிய குழுவில் இருந்த அதே பௌமன்தான். கணினிக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருந்ததை நம் கண் சொல்லித்தராமலே செய்கிறது: துணி விழுகிற வேகத்தைப் பார்த்தே கனத்த பட்டா, காற்றில் பறக்கும் செயற்கை இழையா என்று ஒரு மதிப்புப் போட்டுவிடுகிறது. ஆக, "சூப்பர் சாஃப்ட், சூப்பர் குவாலிட்டி" என்று மூச்சுவிடாமல் சொல்வதை நிறுத்திவிட்டு, முந்தானையை மேஜை ஃபேன் முன்னால் ஒருமுறை உதறிப் பிடிக்கலாம். மூன்று விநாடி வேலை. விலை சொல்ல நேரம் மிச்சமிருக்கும்.